"நிலத்தைத்தானே விற்றோம், மரத்தை விற்கவில்லையே!"

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, கிரயப் பத்திரத்தின் நகலையும் நான்கு புகைப்படங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் செவிலியர். கணவருடன் சேர்ந்து 1 ஏக்கர் 60 சென்ட் புஞ்சை நிலம் வாங்கிப் பத்திரம் பதிந்து ஏழு மாதம் ஆகிறது. நிலத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு, ஒரு கிணறு, 11 தேக்கு மரங்கள், வரப்போரத்தில் பனை, ஆலமரத்தடியில் விற்றவர் குடும்பம் கும்பிடும் மூன்று கற்கள். பத்திரம் முடிந்ததும் முன்பக்கம் கம்பிவேலி போட்டு, வீட்டுச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால், இவர் பணியில் இருந்த ஒரு பகல் நேரத்தில், விற்றவரின் மகன் ஆட்களோடு வந்து நான்கு தேக்கை அறுத்து மினிலாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லித்தான் இவருக்கே தெரியும். போனில் கேட்டதற்கு விற்றவர் சொன்னது: "நிலத்தைத்தானே தாயி வித்தோம், மரத்தை விக்கலையே. பட்டாகூட இன்னும் எங்க பேர்லதான் கெடக்கு." அடுத்து நிலைக்கதவையும் ஊஞ்சலையும் எடுக்க வரப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். காவல் நிலையத்தில், "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு தலைவலி, நிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் ஆட்டுக் கொட்டகை. விற்றவரின் உறவுக்காரர் ஒருவர் 9 வருடமாக வாடகை எதுவும் இல்லாமல் அங்கே ஆடு அடைத்து வருகிறார். காலி செய்யச் சொன்னால், "எனக்கு இடம் விட்டவரு அண்ணாச்சி, நீங்க யாரு?" என்கிறார். பொறுமை இழந்த வாசகி, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஜே.சி.பி.க்கு முன்பணம் கொடுத்துவிட்டார். கொட்டகையைத் தள்ளிவிட்டு, அதே வண்டியை வைத்து ஒரு பண்ணைக்குட்டையும் வெட்டி, அந்தச் செம்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றால் வண்டி வாடகைக்கு ஆச்சு என்பது கணக்கு.

"பத்திரத்தில் மரம் என்ற வார்த்தையே இல்லை. பட்டாவும் மாறவில்லை. எனக்கு உண்மையில் இந்த நிலத்தில் என்னதான் உரிமை?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, ஞாயிற்றுக்கிழமை நெருங்குவதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜே.சி.பி.யை நிறுத்துங்கள். ஏன் என்று கொட்டகைக்கு வரும்போது விளக்குகிறேன். இப்போது நீங்கள் பாதிக்கப்பட்டவர். அந்த வண்டி கொட்டகையைத் தொட்டதும் நீங்கள் எதிரி தரப்பாகிவிடுவீர்கள்.

இனி மரத்துக்கு வருவோம்.

பத்திரத்தின் நான்காம் பக்கம்

பத்திரத்தில் மரம் என்ற வார்த்தையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நகலை எடுத்து நான்காம் பக்கத்தைப் பாருங்கள். நான்கெல்லை விவரம் முடிந்ததும், எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்த நீண்ட வாக்கியம் வருகிறது: "மேற்படி நிலத்திலுள்ள மாவடை மரவடை, மேல்நோக்கிய மரங்கள், கீழ்நோக்கிய கிணறு, நிதி நிட்சேபம் முதலான சகல பாத்தியங்களும்." பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்த வரி இது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே நிலதானம் கொடுக்கும்போது மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் என்று எழுதுகிற வழக்கம் உண்டு. அலங்காரத்துக்கு எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். மாவடை மரவடை என்றால் நிலத்தில் நிற்கும் மரம் மட்டை எல்லாம்; நிதி நிட்சேபம் என்றால் புதையல். 11 தேக்கும் அந்த ஒரு வரிக்குள் உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டாயிற்று. விற்றவரும் அதே பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சரி, அந்த வரி இல்லாத பத்திரமாக இருந்தால்? அப்போதும் முடிவு பெரிதாக மாறாது. 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வேறு மாதிரி எண்ணம் பத்திரத்தில் சொல்லப்படாத வரை, நிலம் கைமாறும்போது மண்ணோடு பிணைந்த எல்லாமும் சேர்ந்தே கைமாறும் என்கிறது. மண்ணோடு பிணைந்தது என்றால் என்ன என்பதையும் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது: வேர்விட்டு நிற்கும் மரம், செடி, மண்ணில் பதிந்த சுவர், கட்டடம், அப்படிப் பதிந்த ஒன்றை நிரந்தரமாக அனுபவிப்பதற்காக அதோடு பொருத்தப்பட்ட பொருட்கள். ஆகவே மரம் வேண்டும் என்றால் விற்றவர்தான், "தேக்கு 11 நீங்கலாக" என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதன் பலன் வாங்கியவருக்கே.

அவர்கள் பக்கம் ஒரு வக்கீல் வந்தால் இன்னொரு வாதத்தை வைக்கலாம். அசையாச் சொத்து என்பதில் வெட்டுமரம் அடங்காது என்று அதே 3ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. தேக்கு வெட்டுமரம்தானே, அது நிலத்தோடு எப்படிப் போகும் என்பார்கள். 1958ல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி விவியன் போஸ் இந்த இடத்தை அழகாகப் பிரித்துக் காட்டினார். சீக்கிரமே வெட்டி எடுப்பதற்கென்று நிற்பது வெட்டுமரம். மண்ணிலிருந்து சாரம் உறிஞ்சி இன்னும் வளர்வதற்கென்று நிற்பது மரம், அது நிலத்தின் பகுதி. உங்கள் தேக்குகளை வெட்டுவதாகப் பத்திரம் எழுதிய நாளில் யாரும் பேசியதில்லை.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. முன்பணம் கொடுத்த அன்று விற்றவர், "மரத்தைப் பத்தி என்ன சொல்றீங்க?" என்று கேட்க, உங்கள் கணவர், "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் அண்ணாச்சி" என்றிருக்கிறார். மரியாதைக்குச் சொன்னதுதான். ஆனால் பத்திரம் வாய் திறக்காத ஒரு விஷயத்தில் தனியாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது என்று நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் ஒரு சிறிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த நான்காம் பக்க வரி இல்லாவிட்டால் இந்தப் பேச்சை வைத்தே அவர்கள் வழக்கை இழுத்திருப்பார்கள். வரி இருப்பதால் பத்திரம் வாய் திறந்துவிட்டது. இருந்தாலும் இனி மரம், கதவு, கொட்டகை எதைப் பற்றியும் போனில் சமாதான வார்த்தை பேச வேண்டாம். உங்கள் கணவரிடமும் சொல்லிவையுங்கள்.

பட்டா மாறாததால் நிலம் உங்களுடையது ஆகாதா?

ஆகும், ஆகிவிட்டது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கும் பெயர். நிலத்தின் உரிமை, பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் வழியாகத்தான் கைமாறுகிறது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது, பெயர் இல்லாததாலேயே போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பத்திரம் பதிந்த அன்றே விற்றவருக்கு அந்த மண்ணில் இருந்த பாத்தியம் முடிந்தது.

ஆனால் ஏழு மாதமாகப் பட்டாவை மாற்றாமல் வைத்திருப்பது உங்கள் தவறு. நீங்கள் வாங்கியது ஒரு சர்வே எண்ணின் ஒரு பகுதி என்பதால் உட்பிரிவு செய்து, சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில், அதாவது நிலத்தின் அளவை வரைபடத்தில், கோடு விழ வேண்டும். முழு எண்ணாக இருந்தால் மாறுதல் சுலபமாக நடந்திருக்கும். இ-சேவை மையத்தில் நாளைக்கே விண்ணப்பம் போடுங்கள். சர்வேயர் அளக்கும் அன்று கட்டாயம் நிலத்தில் நில்லுங்கள். வரப்போரப் பனை உங்கள் பக்கமா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் பக்கமா என்ற கேள்விக்கும் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். (பனை உங்களுடையதாகவே இருந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது.) கிணற்று மின் இணைப்பும் இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மின்வாரியத்தில் பெயர் மாற்றமும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

போலீஸ் சொன்னது சரியா?

பாதி சரி. உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். பிறர் நிலத்து மரத்தை வெட்டி எடுப்பது திருட்டாகும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவில் இதற்கு ஒரு உதாரணமே இருக்கிறது. மண்ணில் நிற்கும் வரை மரத்தைத் திருட முடியாது, ஏனென்றால் அது அசையும் பொருள் இல்லை. நேர்மையற்ற எண்ணத்தோடு அறுத்துச் சாய்த்த அந்த நொடியில் அது அசையும் பொருளாகிறது, திருட்டும் அப்போதே நடந்துவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டத்தில் இருந்த உதாரணம்தான், பிரிவு எண் மாறியும் அப்படியே தொடர்கிறது.

சிக்கல் அந்த 'நேர்மையற்ற எண்ணம்' என்ற இடத்தில் வருகிறது. மரம் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பி ஒருவர் வெட்டினால் திருட்டுக் குற்றம் நிற்பது கஷ்டம். விற்றவரின் மகன் அதைத்தான் சொல்லப்போகிறார். நிலையத்தில் இருப்பவருக்கும் அது தெரியும், அதனால்தான் சிவில் என்று கைகழுவினார். ஆனால் புகாரையே வாங்காமல் அனுப்புவது சரியில்லை. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். பத்திரத்தின் நான்காம் பக்கத்தை மஞ்சள் மை போட்டுக் காட்டி இணையுங்கள். வாங்க மறுத்தால் அதையே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம்.

புகாரால் மரம் திரும்பி வராது, அது இந்நேரம் பலகையாகியிருக்கும். மீதி 7 மரத்தையும் கதவையும் காப்பாற்ற, வெட்டத் துணிகிறவருக்கு ஒரு பயம் இருந்தாக வேண்டும். ரசீது அதற்கு உதவும்.

மீதி ஏழு மரத்தைக் காக்க

உங்கள் வழக்கின் பலம் சிவில் பக்கம்தான். முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ், ஒப்புகை அட்டையோடு தபாலில் போகட்டும். வெட்டிய 4 மரத்துக்கு இழப்பீடு, இனி நிலத்துக்குள் நுழையக் கூடாது என்ற எச்சரிக்கை, இரண்டும் அதில் இருக்க வேண்டும். பல இடங்களில் நோட்டீஸ் கண்டதும் வேகம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடையாணை கேட்டு வழக்கு, கூடவே இடைக்காலத் தடைக்கு மனு. வேலியும் சாவியும் உங்கள் கையில், பத்திரமும் உங்கள் பெயரில் இருப்பதால் இடைக்காலத் தடை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. விற்றவர் பதிலில் உங்கள் உரிமையையே மறுத்து எழுதினால், தடையாணையோடு உரிமை விளம்புகையும், அதாவது நிலம் உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பும், சேர்த்துக் கேட்க வேண்டிவரும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். இழப்பீடு கேட்க மரம் வெட்டிய நாளிலிருந்து 3 வருடம் கெடு இருக்கிறது, ஆனால் சாட்சியம் அவ்வளவு நாள் காத்திருக்காது.

சாட்சியம் என்றதும் உங்கள் இரண்டாவது புகைப்படம் ஞாபகம் வருகிறது. அறுத்த அடிமரம் நான்கும் அப்படியே இருக்கின்றன, ஒன்றில் துளிர்கூட விட்டிருக்கிறது. அவற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். அளவு நாடாவை அடிமரத்தைச் சுற்றிப் பிடித்து, எண் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். மரத்தின் மதிப்பு சுற்றளவிலிருந்துதான் கணக்கிடப்படும். வழக்கு போட்டால் நீதிமன்றத்திடம் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேளுங்கள். ஊரில் 'கமிஷன் போடுவது' என்பார்கள். அவர் நேரில் வந்து அடிமரம், மீதி மரம், கதவு, கொட்டகை எல்லாவற்றையும் எண்ணி, வரைபடத்தோடு அறிக்கை தருவார். மீதி மரங்களுக்கு இப்போதே வண்ணத்தில் 1 முதல் 7 வரை எண் போட்டு வைத்தாலும் நல்லது.

கதவும் ஊஞ்சலும் மோட்டாரும்

வீட்டைப் பற்றி அந்த 8ஆம் பிரிவு எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது தெரியுமா? வீடு கைமாறினால் அதன் பூட்டு, சாவி, கம்பி, கதவு, சன்னல், அதோடு நிரந்தரமாகப் பயன்படுத்த வைத்த மற்ற பொருட்கள் எல்லாம் கூடவே போகும் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது. எனவே நிலைக்கதவு உங்களுடையது, அதில் பேச்சே இல்லை. கூரை ஓடும் அப்படியே. முற்றத்தில் சிமெண்டு வைத்துப் பதித்த ஆட்டுரல் உங்களுடையது. அதே முற்றத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் அம்மி அவர்களுடையது, கேட்டால் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு இறுகப் பொருத்தியிருக்கிறது, எதற்காகப் பொருத்தியது என்ற இரண்டையும் வைத்துத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

ஊஞ்சல் இரண்டுங்கெட்டான். உத்தரத்தில் அடித்த கொக்கி வீட்டோடு சேர்ந்தது. அதில் மாட்டிய சங்கிலியையும் பலகையையும் கழற்றினால் வீட்டுக்கு ஒரு சேதமும் வராது. நிரந்தரப் பயன்பாட்டுக்கு வைத்தது என்று நீங்கள் வாதாடலாம், ஜெயிக்கவும் கூடும். ஆனால் என் யோசனை, ஊஞ்சலைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பலகையில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் தூங்கியிருப்பார்களோ! நீங்களே கூப்பிட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தால், கதவைக் கேட்கும் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

மோட்டார் விஷயத்தில் உங்கள் நிலை அவ்வளவு பலமாக இல்லை. கிணற்றுக்குள் இறக்கியிருந்த சப்மெர்சிபிள் மோட்டார், குழாயோடும் வயரோடும் சேர்ந்து கிணற்றை நிரந்தரமாகப் பயன்படுத்துவதற்கென்றே வைத்தது, எனவே நிலத்தோடு சேர்ந்தது என்று வாதாட இடம் உண்டு. வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் டீசல் இஞ்சின் என்றால் அந்த வாதம் எடுபடாது. ஆனால் பத்திரத்துக்கு முந்தைய வாரமே மோட்டாரைத் தூக்கிவிட்டார்கள், பதிவு அன்று காலையில் நிலத்தைப் பார்த்தபோது வயர் தொங்குவதைக் கண்டும் நல்ல நேரத்தில் சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன் என்கிறீர்கள். ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஒப்படைக்கும் வரை சொத்தைப் பொறுப்போடு பார்த்துக்கொள்ளும் கடமை விற்பவருக்கு உண்டு. ஆனாலும் இல்லாததைப் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் கொடுத்தவர் பிறகு கேட்டால், அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வரும். நோட்டீஸில் மோட்டாரையும் எழுதுங்கள். பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க உங்கள் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் அல்லவா, அது மோட்டாராக இருக்கட்டும்.

ஆட்டுக் கொட்டகை

இங்கேதான் நீங்கள் அதிகமாகத் தவறு செய்யப் பார்க்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அந்தக் கொட்டகைக்காரருக்கு உங்கள் நிலத்தில் இருக்க நிலையான உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. வாடகையோ குத்தகையோ கொடுக்காமல் நிலச்சொந்தக்காரரின் வாய்ச்சொல்லில் இருப்பது வெறும் அனுமதி. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி, அனுமதி கொடுத்தவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. "எனக்கு இடம் விட்டவரு அண்ணாச்சி" என்கிறாரே, அண்ணாச்சியோடு அந்தப் பேச்சும் போய்விட்டது. 12 வருடம் அனுபவித்தால் நிலம் அவருக்கே ஆகிவிடும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, தன்னுடையது என்று வெளிப்படையாக அனுபவித்தால்தான் அந்தக் கணக்கு ஓடும். சம்மதத்தோடு இருந்தவருக்கு 30 வருடமானாலும் எதிர் அனுபவம் வராது. அவர் வாயாலேயே 'அண்ணாச்சி விட்டது' என்று சொன்னதை யாராவது கேட்டிருந்தால் அது உங்களுக்கு நல்ல சாட்சி.

இவ்வளவு இருந்தும் ஜே.சி.பி. ஏன் கூடாது? நிலம் உங்களுடையது என்பதும், நீங்களே கையால் அப்புறப்படுத்தலாம் என்பதும் சட்டத்தில் வேறு வேறு. நிலைபெற்ற அனுபவத்தில் இருக்கும் ஒருவரை, உண்மையான சொந்தக்காரரே ஆனாலும், சட்ட வழியில் அல்லாமல் பலவந்தமாக வெளியேற்ற முடியாது என்று 2003ல் ராமே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வெளியேற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அந்த வழக்கில் நிலம் யாருடையது என்ற கேள்வியே எழாது. அவர் அங்கே இருந்தாரா, சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டாரா, இந்த இரண்டுதான். உங்கள் பத்திரத்தை அங்கே எடுத்துக் காட்டிப் பயனில்லை.

கொட்டகையில் இருப்பவை வேறு அவருடைய பொருட்கள். தகரம், கல்தூண், வைக்கோல் போர், உங்கள் நான்காம் படத்தில் இடுப்பளவு குவிந்து கிடக்கும் ஆட்டு எரு உட்பட எல்லாம். ஒரு வண்டி ஆட்டு எருவின் அருமை விவசாயம் செய்யப்போகும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜே.சி.பி. ஏறி ஒரு குட்டி செத்தால்கூடச் சேதம் விளைவித்த வழக்கு உங்கள் மேல் வரும். வழக்குக்காக என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் ஒரு கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார். நிலத்தில் நூறு சதம் அவர் பக்கம்தான் நியாயம். ஆனாலும் குற்ற வழக்கில் வாய்தா வாய்தாவாக அலைந்து, கடைசியில் எதிராளிக்கு நஷ்டஈடு கொடுத்துத்தான் சமாதானமாக முடிந்தது.

சரி, என்ன செய்யலாம்? அனுமதி ரத்தான பிறகு பொருட்களை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் பெற அவருக்கு உரிமை உண்டு என்று அதே வசதியுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்கிறது. அதை நீங்களே முன்வந்து கொடுங்கள். ஆடு, தகரம், தூண், எரு, வைக்கோல் என்று பட்டியல் போட்டு, 30 நாளோ 45 நாளோ கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். போகாவிட்டால் சுவாதீனம், அதாவது இடத்தை உங்கள் கைக்கு ஒப்படைக்கக் கேட்டு வழக்கு. நோட்டீஸுக்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று, அவர் அங்கே செங்கல் சுவர் மாதிரி நிரந்தரக் கட்டுமானம் எதுவும் செய்திருக்கிறாரா என்று. செய்திருந்தால் அனுமதியை ரத்து செய்யவே முடியாது என்று 60ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வருவார். படத்தில் கல்தூணும் தகரமும்தான் தெரிகின்றன. இரண்டு, அவர் அந்த நிலத்தில் ஏதாவது பயிர் செய்திருக்கிறாரா, அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று. குத்தகைக்குப் பயிரிடுபவர் என்று நிரூபித்துவிட்டால் 1955ஆம் ஆண்டுப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நடுவில் வரும், கதை வேறு பாதையில் போய்விடும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கிப் பாருங்கள்.

ஒரு உபாயமும் சொல்கிறேன். எருவை நீங்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாகவும், கொட்டகையைப் பிரித்து ஏற்றும் வண்டிக்கூலியைத் தருவதாகவும் சொல்லிப் பாருங்கள். கோர்ட் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, உங்கள் நிலத்துக்கும் எரு கிடைக்கும்.

செம்மண்ணும் சூளையும்

உங்கள் நிலத்தில் உங்களுக்காகக் குட்டை வெட்டி, அந்த மண்ணை உங்கள் வரப்புக்கே அணைத்துக்கொள்வது ஒன்று. அதையே லாரியில் ஏற்றிச் சூளைக்கு விற்பது முற்றிலும் வேறு. செங்கல் மண், சவுடு, கிராவல் எல்லாம் சட்டத்தின் பார்வையில் சிறு கனிமங்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959ன்படி பட்டா நிலத்திலிருந்து எடுத்து வெளியே கொண்டுபோகவும் அனுமதியும், வண்டியில் கொண்டுபோவதற்கான நடைச்சீட்டும் வேண்டும். இல்லாவிட்டால் வழியில் மறித்து வண்டியையே பறிமுதல் செய்யலாம், அபராதமும் உண்டு. அடிமண்ணில் இருக்கும் கனிமம் நிலச்சொந்தக்காரருக்கே என்று 2013ல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் சொந்தமாக இருந்தாலும் அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. சூளைக்காரர், "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்பார். பிடிபட்டால் மண் எடுத்த நிலம் யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வெட்டும்போது பானையோ காசோ தட்டுப்பட்டால் பத்திரத்தில் 'நிதி நிட்சேபம்' என்று எழுதியிருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். அந்த வார்த்தை விற்றவருக்கும் உங்களுக்கும் இடையில்தான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேல் மண்ணுக்குள் புதைந்து கிடந்த எது கிடைத்தாலும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய். சட்டம் வந்த காலத்துப் பத்து ரூபாய் அது.

அந்த மூன்று கற்கள்

கடிதத்தின் கடைசியில், "கற்களையும் எடுத்துப் போட்டுவிடலாமா?" என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நிலம் உங்களுடையது என்றாலும், தலைமுறையாகக் கும்பிட்டு வருகிறோம், வழிபட வந்துபோகும் வழக்காறு எங்களுக்கு உண்டு என்று ஒரு வாதம் கிளம்பும். கிளம்பினால் ஊரே அவர்கள் பக்கம் நிற்கும். ஆலமரத்தடி 2 சென்ட் உங்களுக்குப் பெரிதில்லை. வருடத்தில் இன்ன நாட்களில் இன்ன பாதையில் வந்து பொங்கல் வைத்துப் போகலாம், நிலத்தில் வேறு பாத்தியம் கிடையாது என்று நீங்களே ஒரு உடன்படிக்கை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். மரத்துக்கும் கதவுக்கும் பேச்சுவார்த்தை நடக்கும்போது இந்தத் தாளையும் மேசையில் வையுங்கள். விற்றவர் மனசு இளகினால் அங்கேதான் இளகும்.

ஜே.சி.பி.க்காரரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம். கொட்டகை காலியாகி, சர்வேயர் அளந்து கல் ஊன்றியதும் குட்டை வெட்ட அவரையே கூப்பிடுவதாகச் சொல்லுங்கள். வரப்பு அணைக்க எப்படியும் ஒரு வண்டி வேண்டியிருக்கும்.